கேஸ் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே கவரில்

தாம்பரம் மேற்கு, குரோம்பேட்டை ராதா நகர், சேலையூர் கேம்ப் ரோடு... எங்கே வேண்டுமானாலும் சரி, ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் சாயங்காலம் 7 மணிக்கு அரை மணி நேரம் நின்று பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேஸ் மாத்திரை கேட்பார். பெயர் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்வார்கள். தெரியாதவர்கள், "அந்த மஞ்சள் கலர்ல இருக்குமே தம்பி, காலையில வெறும் வயித்துல போடுறது" என்பார்கள். கடைப் பையனுக்கு அது போதும். எதற்கு, எத்தனை நாளாக என்ற கேள்வியே கிடையாது. அட்டையைக் கிழித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டும் இருக்கும். அதைப் படிக்க யாருக்கு நேரம்?

அதே கவரில் பல நேரம் இன்னொரு அட்டையும் போகும். கால்சியம் மாத்திரை. முட்டி வலி, இடுப்பு வலி, "எலும்பு தேய்மானம்" என்று சொல்லிவிட்டார்கள், வயதாகிவிட்டது என்று அதற்கு ஆயிரம் காரணம். வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 50 தாண்டிய அம்மாக்கள்.

முதல் மாத்திரை வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிறது. இரண்டாவது மாத்திரை கரைவதற்கு அந்த அமிலம் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் விழுங்குகிறார், வருடக்கணக்கில்!

இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. தென் சென்னைப் புறநகரில் குடியிருந்தால் போதும். பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் பக்கெட்டின் உள்பக்கம், குழாய் வாய், கெய்சர் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்து நிற்குமே, அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். தேய்த்தால் போகாது. தெருவில் வண்டியில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்கிய பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்து போய்விடும். அந்த பாட்டிலில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் வயிற்றில் சுரப்பதும் அதே அமிலம்தான். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது பக்கெட்டில் படிந்திருக்கும் அதே கால்சியம் கார்பனேட். (சில அட்டைகளில் சிப்பி ஓட்டிலிருந்து எடுத்தது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஓட்டிலிருந்து வந்தாலும் பாறையிலிருந்து வந்தாலும் வேதியியலுக்கு ஒன்றுதான்.) பத்தாம் வகுப்பு லேபில் சுண்ணாம்புக் கல்லில் அமிலம் விட்டு, கார்பன் டை ஆக்சைடு வருகிறதா என்று பார்த்தோமே, அந்தச் சோதனை ஒவ்வொரு கால்சியம் மாத்திரைக்கும் வயிற்றுக்குள் நடக்கிறது. அமிலம் இருந்தால் கரைகிறது. கரைந்தால்தான் கால்சியம் அயனியாகிக் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போக முடியும். கரையாமல் போனது வந்த வழியே... சரி, வந்த வழியில் அல்ல, மறு வழியில் போய்விடும்.

மனித வயிறு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பை நீர் சுரக்கிறது. வெறும் வயிற்றில் அதன் பி.எச். 1.5 முதல் 2 வரை இருக்கும். இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்களில் புரோட்டான் பம்ப் என்ற புரதம் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பதைப் போல 10 லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தியாக ஹைட்ரஜன் அயனியை வயிற்றுக்குள் தள்ளுவது அதன் வேலை. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என்று "ப்ரசோல்" என முடியும் மாத்திரைகள் எல்லாம் இந்த பம்பைப் பூட்டுகிறவை. முதலில் வந்தது ஓமெப்ரசோல், ஸ்வீடனில் உருவாகி 1988-ல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் அல்சர் என்றால் ஆபரேஷன் என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் போனதில் இந்த மாத்திரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறுப்பவர்கள் இரத்த வாந்தி எடுத்த அல்சர் நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாத்திரை இரத்தத்தில் சில மணி நேரமே இருக்கிறது. ஆனால் பூட்டிய பம்ப் திறக்காது, உடம்பு புது பம்ப் செய்துகொள்ள வேண்டும். அதனால் தினமும் ஒன்று போட்டால் நாளில் பல மணி நேரம் வயிற்றின் பி.எச். 4-க்கு மேல் நிற்கும். 1.5-க்கும் 4.5-க்கும் 3 தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. அமிலம் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது!

இப்போது கால்சியத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ராபர்ட் ரெக்கர் என்பவர் 1985-ல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார். வயிற்றில் அமிலமே சுரக்காத சிலரை எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் கால்சியம் கார்பனேட் கொடுத்துப் பார்த்தார். சாதாரண மனிதர்கள் சுமார் 22 சதவீதம் உறிஞ்சினார்கள். அமிலம் இல்லாதவர்கள் 4 சதவீதம். அதே ஆட்களுக்கு கால்சியம் சிட்ரேட் கொடுத்தபோது 45 சதவீதம். மூன்றாவதாக அவர் பார்த்ததுதான் முக்கியமான விஷயம், பலரும் சொல்லாமல் விடுவதும் அதைத்தான். அதே கார்பனேட்டைச் சாப்பாட்டோடு கொடுத்தபோது அமிலம் இல்லாதவர்களும் மற்றவர்களைப் போலவே உறிஞ்சினார்கள்.

இருபது வருடம் கழித்து 2005-ல் மாத்திரையையே வைத்துப் பார்த்தார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 18 பெண்கள். ஒரு வாரம் ஓமெப்ரசோல், இன்னொரு முறை வெறும் போலி மாத்திரை. வெறும் வயிற்றில் கால்சியம் கார்பனேட் கொடுத்து அளந்தால், போலி மாத்திரையின்போது 9.1 சதவீதம் உறிஞ்சப்பட்டது. ஓமெப்ரசோலின்போது 3.5 சதவீதம். 2010-ல் வந்த இன்னொரு ஆய்வில் உணவோடு அளந்தார்கள். குறைவு ஏதும் தெரியவில்லை. ஆக ரெக்கர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. கார்பனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறவருக்கு நஷ்டம் அதிகம், சாப்பாட்டோடு போடுகிறவருக்கு அவ்வளவாக இல்லை.

நம் ஊரில் எப்படிப் போடுகிறார்கள்? சேலையூரில் 62 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு தைராய்டு மாத்திரை. அரை மணி கழித்து கேஸ் மாத்திரை. பிறகு காபி. டிபன், சமையல், பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது எல்லாம் முடிந்து 11 மணிக்கு மூச்சு விடும்போது, "அடடா, கால்சியம் போடலையே" என்று ஞாபகம் வரும். ஒரு வாய் தண்ணீரோடு உள்ளே. சீட்டில் 1-0-0 என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டோடு என்று எழுதவில்லை, எழுதியிருந்தாலும் அந்தக் கையெழுத்தில் புரிந்திருக்காது. ஆயிரக்கணக்கான வீடுகளில் மாத்திரை டப்பா இப்படித்தான் ஓடுகிறது. (போகிற போக்கில்: தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். கேஸ் மாத்திரை தைராய்டு மாத்திரை சேருவதையும் குறைக்கலாம். அந்த டப்பாவுக்குள்ளேயே ஒரு குடும்பச் சண்டை நடக்கிறது.)

கால்சியம் உள்ளே போகவில்லை என்றால் என்ன? உடம்பு சும்மா இருக்காது. ஒரு மனித உடம்பில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு சதவீதத்தில்தான் இதயம் துடிப்பதும் தசை அசைவதும் நரம்பு வேலை செய்வதும். அதனால் இரத்தத்தில் உள்ள அளவை உடம்பு ரொம்பக் கறாராகப் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் குறைந்தால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை விடும். அது சிறுநீரகத்திடம் கால்சியத்தை வெளியே விடாதே என்று சொல்லும், வைட்டமின் டி-யை முடுக்கிவிடும், அதோடு எலும்பிலிருந்து எடுக்கும். பிக்சட் டெபாசிட்டை உடைத்து மளிகைக் கடன் அடைப்பது மாதிரி. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே இருக்கும், "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். எலும்பில் குறைந்தது அந்த ரிப்போர்ட்டில் தெரியாது.

எலும்பை அரித்து எடுக்கும் செல்களும் அந்த வேலைக்கு அமிலத்தைத்தான் பயன்படுத்துகின்றன. எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் அமிலமாக்கிக் கரைக்கின்றன. அமிலம் சுரக்காத எலிகளை வைத்து ஜெர்மனியில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2009-ல் வெளிவந்தது. அந்த எலிகளுக்கு எலும்பு மெலிந்தது. அமிலம் இல்லாமலே கரையக்கூடிய கால்சியம் குளுக்கோனேட்டை உணவில் சேர்த்ததும் சரியானது. எலி மனிதன் அல்ல என்பது உண்மை. ஆனால் வழி இதுதான் என்று காட்டுவதற்கு இது நல்ல சாட்சி.

சரி, மனிதர்களுக்கு எலும்பு முறிகிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும். இன்டர்நெட்டில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாதியைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். 2006-ல் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு வருடத்துக்கு மேல் இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு வாய்ப்பு 1.44 மடங்கு. அதன் பிறகு இதே மாதிரிப் பல ஆய்வுகள் வந்தன. 2010 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு பற்றி எச்சரிக்கை போட்டது. ஆனால் இவை எல்லாம் பதிவேட்டைப் பார்த்துச் சொன்ன கணக்கு. தினமும் கேஸ் மாத்திரை போடுகிறவர் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர், வேறு பல மாத்திரை எடுப்பவர், அதனால் விழுந்தும் இருக்கலாம். எதனால் எது என்று பிரிப்பது கஷ்டம். 2019-ல் வந்த பெரிய சோதனை ஒன்றில் 17,598 பேருக்குக் குலுக்கல் முறையில் பான்டோப்ரசோலோ போலி மாத்திரையோ கொடுத்து, சராசரியாக 3 வருடம் பார்த்தார்கள். எலும்பு முறிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது.

அப்படியானால் கதை முடிந்ததா என்றால், நம் ஊருக்கு முடியவில்லை. ஒன்று, 3 வருடம் என்பது இங்கே பல பேருக்கு ஆரம்பம்தான், பத்து வருடமாகப் போடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. இரண்டாவது, இதுதான் பெரிய விஷயம், நம் சாப்பாட்டில் கால்சியத்தின் கையிருப்பே குறைவு. தாம்பரத்திலிருந்து மூன்று நான்கு மணி நேர தூரத்தில் இருக்கும் திருப்பதியில், வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஆரோக்கியமாக இருக்கும் தென்னிந்தியர்களைத்தான் பார்த்தார்கள். நகரம், கிராமம் இரண்டிலும் உணவில் கால்சியம் மிகக் குறைவு, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் அதிகம், வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி-யும் குறைவு. சென்னைப் புறநகரின் தட்டு அதிலிருந்து எவ்வளவு மாறுபட்டுவிடும்? இட்லி, சாம்பார் சாதம், ரசம், இரண்டு காபி, ராத்திரி தோசை. இரண்டு காபியிலும் சேர்த்து 200 மில்லி பால் போனால் 240 மில்லிகிராம் கால்சியம். ஒரு கப் தயிர் சேர்த்தால் இன்னொரு 150. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. பாலும் சீஸும் தாராளமாகச் சாப்பிடும் ஊர்க்காரர் உறிஞ்சுவதில் கொஞ்சம் இழந்தால் தாங்குவார். நானூறு ஐந்நூறில் காலம் தள்ளும் ஒரு அம்மா இழக்க என்ன இருக்கிறது? வெளிநாட்டு ஆய்வில் ஆபத்து தெரியவில்லை என்பதை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது.

வைட்டமின் டி பற்றி ஒரு வரி. 8.10 லோக்கலைப் பிடித்துப் போய் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு மீனம்பாக்கத்தில் 40 டிகிரி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன!

எலும்பு மட்டும் இல்லை. இரும்புச் சத்தைப் பாருங்கள். கீரை, பயறு, கேழ்வரகு இவற்றில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவம். அது கரைந்து நிற்கவும் ஃபெரஸ் ஆக மாறவும் அமிலம் உதவுகிறது. கறி, மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆக இதில் அடி வாங்குவது சைவச் சாப்பாட்டுக்காரர்கள்தான். இதற்கு ஒரு தலைகீழ் ஆதாரம் உண்டு. உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரை நோய் ஒன்று ஐரோப்பாவில் சகஜம். அவர்களுக்கு அடிக்கடி இரத்தத்தை எடுத்து வெளியே விடுவதுதான் வைத்தியம். அவர்கள் இந்த அமில மாத்திரையை எடுத்துக்கொண்டபோது இரத்தம் எடுக்க வேண்டிய தேவை குறைந்தது. இரும்பு அதிகமாக இருப்பவருக்கு நல்லது செய்த அதே காரியம் இரும்பு இல்லாதவருக்கு என்ன செய்யும்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரும்பு மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்று அதற்கு ஒரு கேஸ் மாத்திரை போடுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள்.

மெக்னீசியமும் குறையலாம். 2011-ல் இதற்கும் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் கைகால் இழுப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோனே சரியாகச் சுரக்காது, கால்சியமும் கூடவே இறங்கும். வைட்டமின் பி12 தாது இல்லை என்றாலும் உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றுக்கு பான்டோப்ரசோல், தட்டில் தயிர் சாதம். இந்த மூன்றும் சேர்ந்த வீட்டில் ஒருமுறை பி12 பரிசோதித்துப் பார்ப்பது வீண் செலவு ஆகாது.

தாம்பரம் சானடோரியத்துக்கு இந்த விஷயத்தோடு வேறொரு தொடர்பு உண்டு. அங்கே 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. புளித்த ஏப்பம், வயிற்றெரிச்சல், சாப்பிட்டதும் வலி இவற்றைச் சித்த மருத்துவம் குன்மம் என்கிறது. அதற்குச் சொல்லும் மருந்துகளில் ஒன்று சங்கு பற்பம். சங்கைச் சுட்டுப் பொடியாக்கியது. சங்கும் கால்சியம் கார்பனேட், சிப்பியும் கால்சியம் கார்பனேட், அமிலத்தில் பட்டால் அமிலத்தையும் கொல்லும், தானும் கரையும். ஒரே பொருள் ஒரு கடையில் வயிற்றெரிச்சல் மருந்தாகவும் இன்னொரு கடையில் எலும்பு மருந்தாகவும் விற்கிறது! இதை வைத்து எந்த வைத்தியம் உயர்ந்தது என்று பட்டிமன்றம் வேண்டாம். அமிலத்தோடு ஒருமுறை மோதித் தீர்வதற்கும் அமிலம் சுரக்கும் பம்பையே பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. அதற்காக பிங்க் கலர் திரவ மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதும் சரியில்லை. அலுமினியம் உள்ள ஆன்டாசிட்டை அதிகமாக, நெடுநாள் குடித்தால் அது குடலில் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். எலும்புக்குக் கால்சியம் எவ்வளவு முக்கியமோ பாஸ்பேட்டும் அவ்வளவு.

இவ்வளவு இருந்தும் ஏன் யாராலும் நிறுத்த முடிவதில்லை? "நிறுத்திப் பார்த்தேன் சார், இரண்டு நாளில் நெஞ்சு எரிய ஆரம்பிச்சிடுச்சு, எனக்கு இது இல்லாம முடியாது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 2009-ல் டென்மார்க்கில், வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு 8 வாரம் எசோமெப்ரசோல், பிறகு 4 வாரம் போலி மாத்திரை. மறு பாதிக்கு 12 வாரமும் போலி. கடைசி வாரங்களில், மாத்திரையை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரியான தொந்தரவு, மற்றவர்களில் 15 சதவீதம். வியாதியே இல்லாதவர்களுக்கு மாத்திரையை நிறுத்தியதால் வியாதி மாதிரி வந்தது! பம்பைப் பூட்டியிருந்த காலம் முழுக்க உடம்பு இன்னும் சுரக்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பூட்டைத் திறந்ததும் வெள்ளம். சில வாரத்தில் அது வடிந்துவிடும். அதைத் தாண்ட டாக்டர்கள் அளவைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து நிறுத்துவது உண்டு. இதை யாரும் சொல்லாததால் இரண்டாவது நாளே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார்கள்.

ஆரம்பித்தது எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சப்பென்று இருக்கும். எப்போதோ முதுகு வலிக்குப் போனபோது வலி மாத்திரையோடு சேர்த்து எழுதியது. வலி மாத்திரை ஐந்து நாளில் நின்றது. கேஸ் மாத்திரை நிற்கவில்லை. அல்லது ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்துவிட்டு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் மருந்தாக இருந்தது. 2019-ல் ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரியவந்து, 2022-ல் அது இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. அதைப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கும் அடுத்து கைக்கு வந்தது இந்த "ப்ரசோல்" வகைதான்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை வீட்டில் அம்மாவின் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போடக் கூடாது. இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள், மூட்டு வாதத்துக்குத் தினமும் வலி மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் கசிந்த அல்சர்காரர்கள், உணவுக்குழாய் புண்ணானவர்கள் இவர்களுக்கெல்லாம் அந்த மாத்திரை உயிர் காக்கும் காவல். அதை நிறுத்தச் சொல்ல வேண்டியது டாக்டர். இன்னொரு பக்கம் வேறு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. உங்களுக்கு அமிலம் அதிகமில்லை, குறைவு, எல்லா வியாதிக்கும் காரணம் அதுதான், ஆப்பிள் சைடர் வினிகர் குடி, சோடா உப்பைக் கரைத்துக் குடித்து எத்தனை நிமிடத்தில் ஏப்பம் வருகிறது என்று எண்ணிப் பார் என்கிறார்கள். ஏப்பத்தை வைத்து வயிற்றின் அமிலத்தை அளக்க முடியாது. அல்சர் உள்ளவர் வினிகர் குடித்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கட்டாயம் மாத்திரை வேண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடலாம், அல்லது சிட்ரேட் கேட்கலாம். சிட்ரேட்டில் கால்சியத்தின் பங்கு 21 சதவீதம்தான், கார்பனேட்டில் 40, அதனால் மாத்திரை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், விலையும் கூடும். மாத்திரையை விட உணவு மேல். பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியத்துக்குக் கார்பனேட் மாத்திரை அளவுக்கு அமிலம் தேவைப்படுவதில்லை. வெயில் காலத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் கூழ் வண்டி நிற்குமே, அதில் இருக்கும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம். ராத்திரி புளிக்க வைப்பதால் ஃபைட்டேட்டும் குறைகிறது. பாட்டிகளுக்கு ஃபைட்டேட் என்ற வார்த்தை தெரியாது, ஆனால் புளிக்க வைத்தார்கள். மோர் ஊற்றிக் குடிக்கும்போது இன்னும் கொஞ்சம் கால்சியம் சேர்கிறது.

மாத்திரை தேவையில்லாமல் ஓடுவதை நிறுத்த மட்டும் வீட்டுக்குள்ளேயே வழி இல்லை. 2019-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகளின் குறிப்புச் சீட்டில் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றிச் சேர்க்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் அட்டையாகக் கிழித்துக் கொடுக்கும் மாத்திரையோடு அந்தக் காகிதம் வருவதே இல்லை! எச்சரிக்கையை அச்சடிப்பதை விட டாக்டர் சீட்டில் ஒரு தேதி எழுதுவது பலன் தரும். "4 வாரம், பிறகு நிறுத்தவும்" என்று தமிழில் ஒரு வரி. ஆன்டிபயாடிக்குக்கு ஐந்து நாள் என்று எழுதுகிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கடைக்காரரும் கால்சியத்தையும் இதையும் ஒரே கவரில் போடும்போது "கால்சியத்தைச் சாப்பாட்டோட போடுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வியாபாரம் ஒன்றும் குறையாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க மகளிர் தன்னார்வலர்களை அமர்த்தினார்கள். மாதா மாதம் வாசலில் நின்று, மாத்திரை டப்பாவைக் கண்ணால் பார்க்கிற ஆள் டாக்டரும் இல்லை, கடைக்காரரும் இல்லை, அவர்கள்தான். அந்த மாதிரி ஏற்பாட்டில் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கேஸ் மாத்திரை எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள்? ஒரு வருடத்துக்கு மேல் என்று பதில் வந்தால், எதற்காக ஆரம்பித்தது என்று தெரியவில்லை என்றால், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டச் சொல்லலாம்.